பழைய லேப்டாப்பும் புது எஸ்எஸ்டியும்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்தால் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். வீட்டில் இருக்கிற பழைய லேப்டாப் நகர மாட்டேன் என்கிறது, ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்ற சிப் டிஸ்க் போடலாமா, எதைப் போடுவது, போட்ட பிறகு எப்படிப் பார்த்துக்கொள்வது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு பக்கமிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். கிருஷ்ணகிரியில் பல வருடமாக லேப்டாப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறேன், இந்தக் கேள்வி வராத நாளே கிடையாது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஐயா, தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். 2013-ல் வாங்கிய லேப்டாப், ஐ3, 4 ஜிபி ராம். காலையில் ஆன் செய்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சரக்கு இறக்கிவிட்டு விவசாயிகள் சீட்டுக்குக் காத்து நிற்கிறார்கள். சர்வீஸ் கடையில் புதுசு வாங்கச் சொல்கிறார்கள், எஸ்எஸ்டி போட்டால் போதும் என்கிறான் என் தம்பி. யார் சொல்வது சரி?
*வாசகி, பாலக்கோடு*

உங்கள் தம்பி சொல்வதுதான் சரிம்மா. ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். லேப்டாப் திணறுகிற நேரத்தில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் டிஸ்க் என்ற இடத்தில் 100 சதவீதம் நின்றுகொண்டு சிபியு 10, 20 என்று சும்மா இருந்தால், வேலை செய்ய ஆள் தயாராக இருக்கிறார், சரக்குதான் வந்து சேரவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட லேப்டாப்பில் எஸ்எஸ்டி போட்டால் வித்தியாசம் முதல் நாளே தெரியும். சிபியு 100-ல் நின்றால் கதை வேறு, அதற்கு எஸ்எஸ்டி மருந்து ஆகாது.

ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், தெரிந்துகொண்டால் கடையில் யாரும் உங்களைக் குழப்ப முடியாது. பழைய ஹார்ட் டிஸ்கின் உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுகிறது, அதன் மேல் ஒரு கை முன்னும் பின்னும் நகர்ந்து நகர்ந்து எழுத்தைத் தேடுகிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி, கை நகர இன்னும் சில மில்லிநொடி. கூட்டிக் கழித்துப் பார்த்தால் நொடிக்கு 60, 70 இடங்களுக்குத்தான் அதனால் போய் வர முடியும். விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைக் கேட்கிறது, அவை தட்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. எஸ்எஸ்டியில் தட்டும் கிடையாது கையும் கிடையாது, எல்லாம் சிப், நொடிக்குப் பல்லாயிரம் இடங்களிலிருந்து எடுத்துத் தரும். பெட்டியின் மேல் 500 எம்பி, 550 எம்பி என்று பெரிதாகப் போட்டிருக்கும் வேகம் பெரிய ஃபைலை ஒரே மூச்சில் படிக்கும்போது வருவது. நீங்கள் கணக்கு எழுதும் டேலி மென்பொருள் சீக்கிரம் திறப்பதற்குக் காரணம் அந்த எண் இல்லை, இந்தத் தேடும் நேரம் இல்லாமல் போவதுதான். அதனால் 550-க்கும் 500-க்கும் நடுவே கூடுதல் காசு கொடுத்து யோசிக்க வேண்டாம்.

உங்கள் லேப்டாப்புக்கு வேண்டியது 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி. சாட்டா என்பது டிஸ்கும் மதர்போர்டும் பேசிக்கொள்ளும் இணைப்பு முறை. 240 அல்லது 256 ஜிபி மண்டிக் கணக்குக்குத் தாராளம், போட்டோவும் வீடியோவும் நிறைய இருந்தால் 500. பழைய டிஸ்க் பெரும்பாலும் 9.5 மில்லிமீட்டர் தடிமன், புது எஸ்எஸ்டி 7. உள்ளே ஆடாமல் இருக்கச் சில பெட்டிகளில் ஒரு பிளாஸ்டிக் சட்டம் கூடவே வரும், இல்லாவிட்டால் பழைய டிஸ்கைப் பிடித்திருக்கும் தகர ஃபிரேமில் ஸ்க்ரூ போட்டாலே நின்றுவிடும். 2011-க்கு முந்தைய லேப்டாப்களில் சாட்டாவின் இரண்டாம் தலைமுறை இருக்கும், அதில் வேகம் பாதியாகிவிடும் என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். புது எஸ்எஸ்டி அதிலும் வேலை செய்யும், உட்கார்ந்து கணக்கு எழுதும்போது உங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

கையோடு இன்னொரு 4 ஜிபி ராமும் போட்டுவிடுங்கள். ராம் போதாமல் போனால் விண்டோஸ் டிஸ்கையே ராம் மாதிரி பயன்படுத்தும், அந்த வேண்டாத எழுத்தெல்லாம் எஸ்எஸ்டி தலையில் விழும். உங்கள் லேப்டாப்பில் இருக்கும் டிடிஆர்3 என்ற ராம் வகையிலும் எல் போட்டது ஒன்று, போடாதது ஒன்று இருக்கிறது. குழப்பமாக இருந்தால் பழைய ராமைக் கழற்றிக் கையில் எடுத்துப்போய் ‘இதே மாதிரி கொடுங்கள்’ என்று கேளுங்கள்.

முக்கியமானது கடைசியாக. லேப்டாப்பைக் கழற்றக் கொடுப்பதற்கு முன், டேலி டேட்டா ஃபோல்டரைப் பென் டிரைவில் ஒன்று, வேறு ஏதாவது ஒரு இடத்தில் ஒன்று என்று இரண்டு பிரதி எடுத்துவிடுங்கள். கடைக்காரர் ‘அப்படியே காப்பி ஆகிடும் மேடம்’ என்பார். பெரும்பாலும் ஆகும். ஆனால் பத்து வருட டிஸ்க், பாதி காப்பியில் நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன். டேலி லைசென்ஸ் விஷயமாகவும் உங்களுக்கு விற்றவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

அண்ணா, பெங்களூரு எஸ்பி ரோடு கம்ப்யூட்டர் கடைத்தெருவுக்குப் போய் 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்கி வந்தேன். என்னுடையது 2016 லேப்டாப், எம்.2 ஸ்லாட் இருக்கிறது, எஸ்எஸ்டி சரியாக உட்காருகிறது, ஆனால் பயாஸில் (விண்டோஸ் திறப்பதற்கு முன் வரும் செட்டிங் திரையில்) தெரியவே இல்லை. எஸ்எஸ்டி ஃபால்ட்டா, லேப்டாப் ஃபால்ட்டா?
*வாசகர், ஓசூர்*

இரண்டும் இல்லை தம்பி. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற எல்லா பஸ்ஸும் பெங்களூரு போகாது இல்லையா, அப்படித்தான். எம்.2 என்பது வடிவம் மட்டும். அந்த வடிவத்துக்குள் சாட்டா பேசுகிற எஸ்எஸ்டியும் உண்டு, அதைவிட வேகமான என்விஎம்இ என்ற முறையில் பேசுகிற எஸ்எஸ்டியும் உண்டு. அந்த வருடங்களில் வந்த பல லேப்டாப்களின் ஸ்லாட்டில் சாட்டாவுக்கு மட்டும்தான் வயர் இழுத்திருக்கிறார்கள். என்விஎம்இயைச் செருகினால் உட்காரும், பேச்சு வராது.

எஸ்எஸ்டியின் தங்க நிறப் பல்வரிசையைப் பாருங்கள். என்விஎம்இயில் பொதுவாக ஒரே ஒரு வெட்டு இருக்கும், எம்.2 சாட்டாவில் பெரும்பாலும் இரண்டு வெட்டு. ஆனால் வெட்டை மட்டும் நம்பி முடிவு செய்ய முடியாது என்பதற்கு உங்கள் லேப்டாப்பே சாட்சி. லேப்டாப் அடியில் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணைப் போட்டு, தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். எந்த வகை, எந்த நீளம் என்று அதில் எழுதியிருக்கும். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம். 2242 மட்டும் பிடிக்கிற லேப்டாப்பும் இருக்கிறது. வைஃபை கார்டு ஸ்லாட்டும் பார்க்கக் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் இருக்கும், அதில் எஸ்எஸ்டியை அழுத்திச் செருகி உடைத்துக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. இன்னும் பழைய லேப்டாப்பில் எம்சாட்டா என்று குட்டையாக ஒரு ஸ்லாட் இருக்கும், அது இந்த இரண்டிலும் சேராத தனி வகை.

கடைக்காரர் மாற்றித் தந்தால் மாற்றிவிடுங்கள். தராவிட்டாலும் நஷ்டம் இல்லை, என்விஎம்இக்கான யுஎஸ்பி கேஸ் ஒன்று வாங்கிப் போட்டால் நல்ல வேகமான வெளி டிஸ்க் ஆகிவிடும். லேப்டாப்புக்கு 2.5 இன்ச் சாட்டா ஒன்று போடுங்கள்.

சார், அக்காவுக்குப் பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப்பை இப்போது நான் கல்லூரிக்குப் பயன்படுத்துகிறேன். எஸ்எஸ்டி எழுத எழுதத் தேய்ந்துவிடும் என்கிறார்கள், உண்மையா? டிஎல்சி, க்யூஎல்சி, டிராம், டிபிடபிள்யூ என்று கடையில் சொல்வது ஒன்றும் புரியவில்லை.
*மாணவி, அரூர்*

2011-ல் தொடங்கிய திட்டத்தில் வந்த லேப்டாப்கள் இன்னும் எத்தனையோ வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. விண்டோஸ் 7 ஒரு பக்கம், பாஸ் லினக்ஸ் ஒரு பக்கம் என்று வந்த அந்த ஆரம்பகால லேப்டாப் இன்றும் என் மேஜைக்கு வரும், பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். ஒரு வீட்டில் முதல் முதலாக வந்த கம்ப்யூட்டர் அது.

தேயும் என்பது உண்மைம்மா. கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் போய்விடும். டிபிடபிள்யூ என்பது மொத்தம் எத்தனை டெராபைட் எழுதும் வரை நிறுவனம் வாரண்டி கொடுக்கிறது என்பதற்கான எண். விலை குறைந்த வகையில் கிங்ஸ்டன் ஏ400, 240 ஜிபிக்கு அது 80 டெராபைட். கொஞ்சம் மேலே சாம்சங் 870 ஈவோ, 250 ஜிபிக்கு 150 டெராபைட். நீ ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதுகிறாய் என்று வைத்துக்கொள், பாடமும் பிரவுசரும் மட்டும் என்றால் அவ்வளவுகூட ஆகாது. 80,000 ஜிபியை 20-ஆல் வகுத்தால் 4,000 நாள், கிட்டத்தட்ட 11 வருடம். அதற்குள் லேப்டாப்பின் திரையோ கீல்களோ போய்விடும். அந்த எண்ணைத் தாண்டிய மறுநாளே எஸ்எஸ்டி செத்துவிடும் என்றும் இல்லை.

எஸ்எஸ்டி சிப்பில் டேட்டா தங்கும் சின்னஞ்சிறு அறைக்குச் செல் என்று பெயர். டிஎல்சி என்றால் ஒரு செல்லில் 3 பிட், க்யூஎல்சி என்றால் 4 பிட். ஒரே அறையில் ஆள் கூடக் கூட நெரிசல் கூடுகிற மாதிரி, பிட் கூடினால் விலை குறையும், எழுதும் வேகமும் ஆயுளும் குறையும். முடிந்தவரை டிஎல்சி வாங்கு. டிராம் என்பது எந்த டேட்டா எங்கே இருக்கிறது என்ற விலாசப் புத்தகத்தை எஸ்எஸ்டி வேகமாகப் புரட்ட வைத்திருக்கும் சின்ன நினைவகம். இருந்தால் நல்லது. உன் வேலைக்கு இல்லாவிட்டாலும் ஓடும், அதற்காக வீட்டில் கூடுதலாகக் கேட்க வேண்டாம். பில், வாரண்டி, பெயர் தெரிந்த நிறுவனம், இந்த மூன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதே.

ஐயா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். லேப்டாப் பேட்டரி செத்து மூன்று வருடம், சார்ஜரில்தான் ஓடுகிறது. எங்கள் பக்கம் காற்றடித்தால் கரண்ட் போய்விடும். திடீர் திடீர் என்று அணைவதால் எஸ்எஸ்டிக்குக் கெடுதல் வருமா?
*வாசகர், பென்னாகரம்*

வரும் ஐயா. இந்த முறை வந்ததிலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். எஸ்எஸ்டி வாங்கும் யாரும் கடையில் இதைக் கேட்பதில்லை, கடைக்காரரும் சொல்வதில்லை.

மேலே விலாசப் புத்தகம் என்று சொன்னேன் அல்லவா, எஸ்எஸ்டிக்கு உயிர் அதில்தான் இருக்கிறது. நீங்கள் எதைச் சேமித்தாலும் அது ஒரே இடத்தில் நிலையாக இருப்பதில்லை. எல்லா செல்லும் சமமாகத் தேயட்டும் என்று எஸ்எஸ்டி உள்ளுக்குள் டேட்டாவை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும், மாற்றும்போதெல்லாம் புத்தகத்தைத் திருத்தும். அந்தத் திருத்தம் நடக்கும் கணத்தில் கரண்ட் போனால் புத்தகம் பாதியில் நிற்கும். பெரிய சர்வர்களுக்கான எஸ்எஸ்டியில் அந்த நேரத்துக்கு மட்டும் கரண்ட் கொடுக்கக் கெபாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். நாம் வாங்குகிற விலையில் அது இருக்காது. நூறு முறை கரண்ட் போனாலும் ஒன்றும் ஆகாமல் தப்பிக்கலாம், நூற்றியோராவது முறை லேப்டாப்பை ஆன் செய்தால் டிஸ்கே இல்லை என்று சொல்லும்.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. என் அக்கா வீட்டு லேப்டாப்புக்கு நானே எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தேன், பேட்டரி செத்துப்போயிருந்தது தெரிந்தும், சார்ஜரில் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். சித்திரை மாதம், கோடை மழை, ஒரே சாயங்காலத்தில் நான்கைந்து முறை கரண்ட் போய்ப் போய் வந்திருக்கிறது. மறுநாள் எஸ்எஸ்டி பயாஸில் இல்லை. அதில் மகள் சடங்குக்கு எடுத்த போட்டோ முழுவதும் இருந்தது, வேறு எங்கும் பிரதி இல்லை. அந்த எஸ்எஸ்டி நல்ல நிறுவனத்துடையதுதான், வாரண்டியில் புதுசு கொடுத்துவிட்டார்கள். போட்டோ வரவில்லை. அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

அதனால் சொல்கிறேன், எஸ்எஸ்டிக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் பேட்டரி மாற்றுங்கள். பேட்டரி அரை மணி நேரம் தாங்கினால் போதும், கரண்ட் போனதும் வேலையைச் சேமித்து முறையாக அணைக்கலாம். உங்கள் மாடலுக்குப் பேட்டரி கிடைக்கவில்லை என்றால் சின்ன யுபிஎஸ், அதுவும் முடியாவிட்டால் இன்வெர்ட்டர் லைனில் சார்ஜரைப் போடுங்கள். இன்வெர்ட்டர் மாறும் அந்த நொடியில் லேப்டாப் அணைகிறதா என்று வேலை எதுவும் திறக்காமல் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். செத்த பேட்டரி உப்பியிருந்தால் உடனே கழற்றிவிடுங்கள், அது தீப்பிடிக்கக்கூடியது. அப்புறம், அணைப்பதற்குப் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கும் பழக்கம் வீட்டில் பிள்ளைகளுக்கு இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள், எஸ்எஸ்டியைப் பொறுத்தவரை அதுவும் கரண்ட் போவதும் ஒன்றுதான்.

ஆன்லைனில் 2 டிபி எஸ்எஸ்டி சில நூறு ரூபாய்க்குப் போட்டிருக்கிறான். வாங்கலாமா?
*வாசகர், காவேரிப்பட்டினம்*

வேண்டாம். உள்ளே சின்ன மெமரி கார்டை ஒட்டி, 2 டிபி என்று காட்டும்படி மாற்றி வைத்திருப்பார்கள். முதல் சில ஜிபி நன்றாக ஏறும், அதன் பிறகு நீங்கள் போடுவதெல்லாம் பழையதன் மேலேயே எழுதப்படும் அல்லது காணாமல் போகும், ஃபைலின் பெயர் மட்டும் பட்டியலில் இருக்கும். ஏற்கெனவே வாங்கியிருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள், முழுக் கொள்ளளவும் எழுதிப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். பணத்தைத் திருப்பிக் கேட்கும் நாள் முடிவதற்குள் ஓட்டுங்கள்.

வணக்கம். சின்ன போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். லேப்டாப்பில் எஸ்எஸ்டி போட்டு ஒரு வருடம், முதலில் பறந்தது, இப்போது காப்பி போட்டால் பாதியில் நொண்டுகிறது. மாதம் ஒரு முறை டிஃப்ராக் செய்கிறேன், வேறு என்ன செய்ய வேண்டும்?
*வாசகர், கிருஷ்ணகிரி*

டிஃப்ராகை முதலில் நிறுத்துங்கள். அது ஹார்ட் டிஸ்கின் கை ஓடி அலையாமல் இருக்க, சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளைப் பக்கம் பக்கமாக அடுக்கக் கண்டுபிடித்த வேலை. எஸ்எஸ்டியில் கையே இல்லாதபோது அதனால் லாபம் இல்லை, வீணாக ஜிபி கணக்கில் எழுதித் தேய்க்கிறீர்கள்.

உங்களுக்கு வேண்டியது டிரிம். நம் ஊர் மாங்காய் மண்டியை வைத்தே சொல்கிறேன். எஸ்எஸ்டியில் எழுதிய இடத்தின் மேலேயே திரும்ப எழுத முடியாது, முதலில் காலி செய்ய வேண்டும், அதுவும் ஒரு காயை மட்டும் எடுக்க முடியாது, பெட்டியோடு கவிழ்த்துத்தான் காலி செய்ய முடியும். நீங்கள் ஒரு போட்டோவை அழித்தால் விண்டோஸ் தன் நோட்டில் மட்டும் அடித்துவிடுகிறது, எந்தப் பெட்டியில் இருப்பது அழுகல் என்று எஸ்எஸ்டிக்குத் தெரியாது. அதுவும் நல்ல காய் என்றே நினைத்துப் பெட்டி பெட்டியாக மாற்றி அடுக்கிக்கொண்டிருக்கும். இது வேண்டாத சரக்கு என்று விண்டோஸ் சொல்லி அனுப்புவதுதான் டிரிம். சொன்னால், லோடு வருவதற்கு முன்பே பெட்டிகளைக் காலி செய்து வைத்திருக்கும்.

விண்டோஸ் 7-லிருந்தே டிரிம் இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் டிஃப்ராக் என்று அடித்தால் வரும் ‘ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ ஜன்னலில் உங்கள் டிரைவுக்கு எதிரே சாலிட் ஸ்டேட் டிரைவ் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அங்கே ஆப்டிமைஸ் அழுத்துவது டிரிம்தான், வாரம் ஒரு முறை தானாக நடக்கும்படி விட்டுவிடலாம். பழைய டிஸ்கை அப்படியே காப்பி செய்து மாட்டியவர்களுக்குச் சில நேரம் அங்கே ஹார்ட் டிஸ்க் என்றே காட்டும். அப்போது அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ‘வின்சாட் ஃபார்மல்’ என்ற கட்டளையை ஆங்கிலத்தில் அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். உங்கள் சிக்கலுக்கு ஆரம்பம் இதுவாகவே இருக்கலாம்.

இன்னொரு காரணம், நீங்கள் ஸ்டூடியோக்காரர், டிஸ்கை நிரப்பி வைத்திருப்பீர்கள். இன்றைய எஸ்எஸ்டிகள் காலி இடத்தின் ஒரு பகுதியை வேகமான தற்காலிகக் களமாக வைத்து அங்கே முதலில் வாங்கிக்கொண்டு பிறகு மெதுவாக அடுக்குகின்றன. இடம் குறையக் குறைய அந்தக் களம் சுருங்கும், கல்யாண ஆல்பம் 60 ஜிபியை ஒரே மூச்சில் போட்டால் பாதியில் நொண்டுவது அதனால்தான், க்யூஎல்சியாக இருந்தால் இன்னும் மோசம். ஐந்தில் ஒரு பங்கை எப்போதும் காலியாக விடுங்கள். முடிந்த வேலைகளை எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்குக்கு மாற்றுங்கள், வருடக்கணக்கில் தூங்கப் போகிற படங்களுக்கு எஸ்எஸ்டியின் வேகம் எதற்கு?

இதைப் படித்துவிட்டு சரி, இன்னொரு எஸ்எஸ்டியில் போட்டு பீரோவில் வைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். செல்லுக்குள் அடைத்து வைத்த மின்னூட்டம்தான் உங்கள் படம், கரண்ட் இல்லாமல் கிடந்தால் மெல்ல மெல்லக் கசியும், வெயில் ஏற ஏறச் சீக்கிரம் கசியும். ஜெடெக் என்ற தரநிர்ணய அமைப்பு வீட்டு உபயோக எஸ்எஸ்டிக்கு வைத்திருக்கும் அளவே, தேயவேண்டிய அளவு முழுவதும் தேய்ந்த பிறகு கரண்ட் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் தாங்க வேண்டும் என்பதுதான். புது எஸ்எஸ்டி அதைவிட நிறைய நாள் தாங்கும். ஆனால் ஏப்ரல், மே மாதத்தில் தகரக் கூரை ஸ்டூடியோ பீரோவுக்குள் 30 டிகிரி இருக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து பாருங்கள். ஹெல்த் சதவீதம் மெல்ல இறங்குவது இயல்பு. சிஆர்சி எர்ரர் என்ற எண் ஏறிக்கொண்டே போனால் எஸ்எஸ்டி மேல் பழி போடாதீர்கள், டிஸ்கையும் மதர்போர்டையும் இணைக்கும் பட்டைக் கேபிள் தளர்ந்திருக்கும், பழைய லேப்டாப்களில் இது சகஜம், கழற்றித் துடைத்து மாட்டினால் சரியாகலாம்.

விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றுவிட்டது. எஸ்எஸ்டி போட்டால் விண்டோஸ் 11 ஏறுமா?
*வாசகர், தேன்கனிக்கோட்டை*

ஏறாது. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட் முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை, கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இவை எஸ்எஸ்டியோடு வருவதில்லை. பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டுப் பாருங்கள், பிரவுசர், கடிதம் அடிப்பது, படம் பார்ப்பது எல்லாம் நன்றாக நடக்கும், டிரிமும் வாரா வாரம் தானாக நடக்கும். எதைப் போடுவதாக இருந்தாலும், போடுவதற்கு முன் பயாஸில் சாட்டா மோட் (டிஸ்கோடு லேப்டாப் பேசும் முறை) ஏஹெச்சிஐ என்று இருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் போட்ட பிறகு அதை மாற்றினால் நீலத் திரை வந்து நிற்கும்.

அண்ணா, ஒன்றரை வருட எஸ்எஸ்டி. நேற்று இரவு வரை நன்றாக ஓடியது, காலையில் டிஸ்க் இல்லை என்கிறது. எந்தச் சத்தமும் வரவில்லை, மெதுவாகக்கூட ஆகவில்லை. போன வருடம் தவறிய அப்பாவின் வீடியோக்கள் அதில் இருக்கின்றன. ஏதாவது வழி இருக்கிறதா?
*வாசகி, ஊத்தங்கரை*

முதலில் எதையும் ஃபார்மட் செய்யாதீர்கள் தங்கச்சி, யார் சொன்னாலும். கழற்றத் தெரிந்த ஒருவரை வைத்து எஸ்எஸ்டியை எடுத்து, கேபிள் முனையைத் துடைத்து, வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். வந்துவிட்டால் உடனே, அன்றைக்கே, வீடியோக்களைக் காப்பி செய்யுங்கள்.

வரவில்லை என்றால் இன்னொரு வழி உண்டு. எஸ்எஸ்டியை லேப்டாப்பிலேயே மாட்டி, ஆன் செய்து, பயாஸ் திரைக்குள் போய் அப்படியே அரை மணி நேரம் விட்டுவிடுங்கள், எதையும் தொடாதீர்கள், சார்ஜர் போட்டிருக்கட்டும். பிறகு முழுவதும் அணைத்து, அரை நிமிடம் கழித்து மறுபடியும் அதே மாதிரி அரை மணி நேரம். கரண்ட் மட்டும் கிடைத்து வேறு வேலை இல்லாத அந்த நேரத்தில் சில எஸ்எஸ்டிகள் தங்கள் விலாசப் புத்தகத்தைத் தாங்களே சரி செய்துகொள்ளும். க்ருஷியல் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கே சொல்லிக்கொடுத்த முறை இது. என் கையில் சில வந்திருக்கின்றன, பல வரவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதிலும் வராவிட்டால் வாரண்டிக்கு அனுப்பாதீர்கள். அனுப்பினால் வேறு எஸ்எஸ்டி வரும், அப்பா வர மாட்டார். டேட்டா மீட்பு மட்டுமே செய்கிற இடங்கள் பெங்களூருவில் உண்டு. செலவு எஸ்எஸ்டி விலையைப் போலப் பல மடங்கு ஆகும், கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. பார்த்துச் சொல்ல எவ்வளவு, கிடைக்காவிட்டால் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுங்கள். அதற்கு நடுவில் சொந்தக்காரர்கள் போனில் எல்லாம் தேடுங்கள், வாட்ஸ்அப்பில் அந்த வீடியோக்களை யாருக்காவது அனுப்பியிருப்பீர்கள். கடையில் நாங்கள் செய்ய முடியாததைப் பல முறை ஒரு பெரியம்மாவின் போன் செய்திருக்கிறது.

ஹார்ட் டிஸ்க் சாவதற்கு முன் கடகடவென்று சத்தம் போடும், திணறும், நாலு நாள் அவகாசம் கொடுக்கும். எஸ்எஸ்டி பெரும்பாலும் எதுவும் சொல்வதில்லை. இன்னொன்றும் உண்டு, டிரிம் ஓடிய எஸ்எஸ்டியில் அழித்த ஃபைலை மீட்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம், பழைய டிஸ்கில் செய்த மாதிரி ஒரு மென்பொருளை ஓட்டி எடுத்துவிடலாம் என்று நினைத்து அலட்சியமாக அழிக்காதீர்கள்.

எஸ்எஸ்டி போட்ட பிறகு கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்கை என்ன செய்வது? பழைய சாமான் கடையில் போட்டுவிடலாமா?
*வாசகர், காரிமங்கலம்*

போடாதீர்கள், ஒரு மாதம் வரைக்கும் அதைத் தொடவே தொடாதீர்கள். ஏதாவது ஒரு ஃபைல் புதுசில் வரவில்லை என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் ஞாபகத்துக்கு வரும். அதன் பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பாருங்கள், ‘குட்’ என்று காட்டினால் 2.5 இன்ச் யுஎஸ்பி கேஸ் ஒன்று வாங்கிப் போட்டு, மாதம் ஒரு முறை முக்கியமானதை அதில் காப்பி எடுக்கப் பயன்படுத்துங்கள், காப்பி முடிந்ததும் கழற்றி வேறு அறையில் வையுங்கள். ‘காஷன்’, ‘பேட்’ என்று காட்டினால் நம்ப வேண்டாம். அப்படிப்பட்டதை யாருக்காவது கொடுப்பதானால் முழுவதும் அழித்துவிட்டுக் கொடுங்கள், சும்மா ஃபார்மட் போட்டால் போதாது, குவிக் ஃபார்மட் என்ற டிக்கை எடுத்துவிட்டுப் போட வேண்டும். சில மணி நேரம் ஆகும். ஆதார் நகல், பாஸ்புக் நகல் எல்லாம் அதில்தான் இருக்கும்.